தாத்தா எந்தப் படையில் இருந்தார்? உலகப் போர் ஆவணங்களைத் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் 13 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பணியாற்றினார்கள். இரண்டாம் போரில் அது 25 லட்சம். அதில் நம் ஊர்க்காரர்களும் ஏராளம். இப்போது பேரன் பேத்திகள் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். கேட்பவர்கள் வேறு வேறு ஆட்கள், சந்தேகங்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றேதான். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்து, தெரிந்த பதிலை எழுதி வைக்கிறேன்.

தாத்தா மிலிட்டரியில இருந்தார்னு மட்டும்தான் தெரியும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

வீட்டுப் பரணிலிருந்து. இணையத்தில் பெயரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் கண்டுபிடிக்க வேண்டும்: அவருடைய படை எண், அவர் இருந்த படைப்பிரிவு. ராணுவத்துக்கு ஒரு சிப்பாய் என்றால் முதலில் எண்தான், பெயர் அப்புறம்தான். இந்த இரண்டும் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரண்டும் இல்லாமல் எந்த அலுவலகத்துக்கு எழுதினாலும் ‘விவரம் போதாது’ என்றுதான் பதில் வரும்.

டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட் (படையிலிருந்து விலகும்போது கொடுத்த சான்று) இருக்கிறதா என்று பாருங்கள். அதில் எண், பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி, தகப்பனார் பெயர், கிராமம், உடலில் உள்ள மச்சம் தழும்பு வரை எழுதியிருப்பார்கள். அது இல்லையென்றால் பென்ஷன் புத்தகம், சீருடையில் எடுத்த போட்டோ, பழைய கடிதங்களின் உறை. போட்டோவின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையில் ஊர்ப் பெயர் இருக்கும். தோள்பட்டையிலும் தொப்பியிலும் உள்ள பேட்ஜைப் பெரிதாக்கிப் பாருங்கள். முன்னாள் ராணுவத்தினர் என்ற முறையில் நிலம் ஒதுக்கப்பட்டிருந்தால் அந்த ஒப்படை ஆணையையும் தேடுங்கள். இதையெல்லாம் சித்தப்பா, அத்தை, தாத்தாவின் தம்பி வீடு வரை போய்க் கேட்க வேண்டும். மெடல் ஒரு வீட்டிலும் காகிதம் இன்னொரு வீட்டிலுமாகப் பிரிந்து கிடப்பதுதான் வழக்கம்.

காகிதம் ஒண்ணும் இல்லை, ரெண்டு மூணு மெடல் மட்டும் இருக்கு. அதுல ஏதாவது தெரியுமா?

நிறையத் தெரியும். முதலில், புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள். நமக்கு வேண்டிய எழுத்து மெடலின் விளிம்பில் இருக்கிறது. தேய்த்தால் அதுதான் முதலில் போகும். முதல் உலகப் போர் மெடல்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு நான்கையும் சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள். இருட்டான அறையில் செல்போன் டார்ச்சை விளிம்புக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் தேய்ந்த எழுத்தும் நிழல் விழுந்து எழும்பித் தெரியும். மெடலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து போட்டோ எடுத்து, பிறகு நிதானமாகப் படியுங்கள்.

இரண்டாம் போரில் போர்முனைக்குப் போனவர்களுக்குக் கொடுத்த நட்சத்திர வடிவ மெடல்களை ஸ்டார் என்பார்கள், அவை ஆறு முனை கொண்டவை. இந்தியர்களுக்குத் தரப்பட்டவற்றில் பெயரும் எண்ணும் பொறித்தவை உண்டு, பின்பக்கம் பாருங்கள். பெயர் இல்லாவிட்டாலும் எந்த ஸ்டார் என்பதே அவர் போன இடத்தைச் சொல்லிவிடும். பர்மா ஸ்டார் என்றால் 1941 டிசம்பருக்குப் பிறகு பர்மா முனை. ஆப்பிரிக்கா ஸ்டார் என்றால் 1940 ஜூனுக்கும் 1943 மேக்கும் இடையே வட ஆப்பிரிக்கா, அதை ஒட்டிய பகுதிகள். இத்தாலி ஸ்டார் என்றால் 1943 ஜூனுக்குப் பிறகு. இந்தியா சர்வீஸ் மெடல் இந்தியாவுக்குள்ளேயே மூன்று ஆண்டு பணியாற்றியவர்களுக்கானது. ரிப்பன் நைந்து போயிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். அதன் நிறப் பட்டைகளும் அடையாளம்தான்.

எல்லா ரெக்கார்டும் லண்டன்லதானே இருக்கு? அதுவும் குண்டு விழுந்து எரிஞ்சு போச்சாமே?

இரண்டு வேறு செய்திகள் இதில் கலந்திருக்கின்றன. 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் எரிந்தவை முதல் உலகப் போரில் பணியாற்றிய பிரிட்டிஷ் சிப்பாய்களின் கோப்புகள். இந்தியச் சிப்பாயின் தனிக் கோப்பு அங்கே இருக்கவில்லை. அது அவருடைய படைப்பிரிவின் ரெக்கார்ட் ஆபீஸில், அதாவது இந்தியாவில் இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவின் பங்குக்கு வந்த பிரிவுகள் இந்திய ராணுவத்தில் தொடர்ந்தன; ஆவணங்களும் அவற்றோடு தொடர்ந்தன.

லண்டனில் இருப்பவை வேறு வகை: படைகளின் போர் நாட்குறிப்புகள், விருதுப் பரிந்துரைகள், இந்தியா ஆபீஸ் (இந்திய ஆட்சியைக் கவனித்த லண்டன் அலுவலகம்) ஆவணங்கள். அவற்றுக்கும் பயன் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் ஒரு சாதாரணச் சிப்பாயின் சர்வீஸ் விவரத்தைக் கேட்டு லண்டனுக்கு எழுதிப் பயனில்லை.

சரி, இந்தியாவில எந்த ஆபீஸுக்கு எழுதணும்?

பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன். பாலம், பாதை, கண்ணிவெடி வேலை பார்த்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப். சாலை, மண் வேலை பார்த்த பயனியர் கோர் ரெக்கார்ட்ஸும் பெங்களூர்தான். சப்ளை, லாரிப் போக்குவரத்து பார்த்த சர்வீஸ் கோர் என்றால் பெங்களூரில் உள்ள ஏ.எஸ்.சி. சவுத் ரெக்கார்ட்ஸ். ஆயுதக் கிடங்கு பார்த்த ஆர்டினன்ஸ், வண்டி இயந்திரம் பழுதுபார்த்த ஈ.எம்.ஈ. இரண்டும் செகந்திராபாத். தகவல் தொடர்பு பார்த்த சிக்னல்ஸ் ஜபல்பூர், மெடிக்கல் கோர் லக்னோ, பீரங்கிப் படை நாசிக் ரோடு. கடற்படை மாலுமி என்றால் மும்பை மான்கூர்டில் உள்ள பீரோ ஆஃப் செய்லர்ஸ். விமானப்படை என்றால் டெல்லி சுப்ரதோ பார்க்.

எழுதும்போது எண், பதவி, பெயர், தகப்பனார் பெயர், கிராமம், தாலுகா, அன்றைய மாவட்டம், சேர்ந்த ஆண்டு, விலகிய ஆண்டு (தோராயமாக இருந்தாலும்) எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். எண்ணுக்கு முன்னால் எழுத்துகள் இருந்தால் அதையும் விடாதீர்கள். நீங்கள் அவருக்கு என்ன உறவு என்பதற்குச் சான்று வையுங்கள். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் மனு போடலாம். இணையம் வழியாகவும் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

கூடவே, உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேரில் போங்கள். பழைய ஆட்கள் சோல்ஜர் போர்டு என்று சொல்லும் இடம் அதுதான். பென்ஷன் இல்லாமல் வந்த இரண்டாம் உலகப் போர் வீரர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாதந்தோறும் நிதியுதவி கொடுத்து வருகிறது. உங்கள் பாட்டி அதை வாங்கியிருந்தால் தாத்தாவின் சர்வீஸ் விவரம் அந்தக் கோப்பில் இருந்தே ஆக வேண்டும். அதைப் பார்க்காமல் நேரே ரெஜிமென்ட்டுக்கு எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

எழுதிக் கேட்டேன். ‘ஆவணங்கள் விதிப்படி அழிக்கப்பட்டுவிட்டன’ன்னு பதில் வந்திடுச்சு. அவ்வளவுதானா?

பெரும்பாலோர் மனம் விட்டுப்போகும் இடம் இது. அந்தப் பதில் பொய்யில்லை. பென்ஷன் இல்லாமல் விலகியவர்களின் சர்வீஸ் கோப்புகளை 25 ஆண்டு வைத்திருந்துவிட்டு அழிக்கலாம் என்பது ராணுவ விதி. சிப்பாய்க்குப் பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சர்வீஸ் வேண்டும். போருக்காகச் சேர்ந்து 1945, 46-ல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு அது ஏது? அவர்களுடைய கோப்புகள் 1970-களிலேயே போயிருக்கும்.

ஆனால் ‘லாங் ரோல்’ என்று ஒரு பதிவேடு உண்டு. சேர்ந்தவர் ஒவ்வொருவருக்கும் அதில் சுருக்கமான பதிவு இருக்கும்: எண், பெயர், சேர்ந்த தேதி, விலகிய தேதி, விலகக் காரணம் என்ற அளவில். தனிக் கோப்பு அழிந்த பிறகும் அந்தப் பேரேடு இருக்கும். ஆகவே இரண்டாவது கடிதத்தில் ‘சர்வீஸ் ஆவணம் வேண்டும்’ என்று மறுபடி கேட்காமல், ‘லாங் ரோலில் உள்ள பதிவின் நகல் வேண்டும்’ என்று அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எத்தனையோ ஓய்வூதிய வழக்குகளில் இந்த ஒரு வரிப் பதிவை வைத்துத்தான் சர்வீஸை உறுதி செய்திருக்கிறார்கள்.

அவர் போரிலேயே இறந்துட்டார். அப்போ தேடுறது இன்னும் கஷ்டமா?

சொல்லவே சங்கடமாக இருக்கிறது, ஆனால் இறந்தவர்களைத் தேடுவதுதான் எளிது. 1917-ல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் இரு போர்களிலும் இறந்தவர்களின் பட்டியலை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் போருக்கு 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரை, இரண்டாம் போருக்கு 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை. சண்டை நின்ற பிறகு நோயில் இறந்தவரும் படையில் இருந்தவரென்றால் இதற்குள் வருவார்.

தேடும்போது இடறுவது பெயரில்தான். நம்முடைய ஒற்றைப் பெயர் ‘குடும்பப் பெயர்’ கட்டத்தில் இருக்கும், முதல் பெயர் கட்டம் காலியாக இருக்கும். முனுசாமியை முனிசாமி, முனுஸ்வாமி, மூனூசாமி என்று எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதனால் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் கொடுத்து, இந்திய ராணுவம், எந்தப் போர், எந்தப் பிரிவு என்று வடிகட்டித் தேடுங்கள். இரண்டாம் போர்ப் பதிவுகளில் பெரும்பாலும் இன்னாருடைய மகன், இன்னாருடைய கணவர், இன்ன ஊர், இன்ன மாவட்டம் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியில் பாட்டியின் பெயரைப் பார்த்துவிட்டு அழுதவர்களை எனக்குத் தெரியும்.

மாவட்டம் என்றால் இன்றைய மாவட்டம் கிடையாது. வேலூர், திருவண்ணாமலைக்காரர் வட ஆர்க்காட்டில் இருப்பார்; கடலூர், விழுப்புரம் தென் ஆர்க்காட்டில். தர்மபுரி, கிருஷ்ணகிரி என்றால் சேலம். ஈரோடு என்றால் கோயம்புத்தூர். திண்டுக்கல், தேனி என்றால் மதுரை. சிவகங்கை, விருதுநகர் என்றால் ராம்னாட். நெல்லை டின்னவேலி என்றும் தஞ்சை டாஞ்சூர் என்றும் எழுதப்பட்டிருக்கும். புதுக்கோட்டை 1948 வரை தனிச் சமஸ்தானம். கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம்.

பட்டியலில் பெயர் இருக்கு, ஆனா கல்லறை இல்லைன்னு போட்டிருக்கே?

இந்துவாக இருந்து உடலைத் தகனம் செய்திருந்தால் தனிக் கல்லறை இருக்காது. உடல் கிடைக்காமல் போனாலும் இருக்காது. அப்படிப்பட்டவர்களின் பெயரை நினைவுச்சின்னத்தில் பொறித்திருப்பார்கள். பர்மா முனையில் இறந்தவர் என்றால் ரங்கூன் அருகே தாக்கியானில் உள்ள ரங்கூன் நினைவுச்சின்னம், அதில் ஏறக்குறைய 27,000 பெயர்கள். மலேயா, சிங்கப்பூர்ப் பக்கம் என்றால் கிராஞ்சியில் உள்ள சிங்கப்பூர் நினைவுச்சின்னம், அங்கே 24,000-க்கும் மேல். பதிவில் பலகை எண், பத்தி எண் இருக்கும். போகிறவர்களிடம் அதைக் கொடுத்தால் போட்டோ எடுத்து வந்துவிடுவார்கள்.

ஊரிலேயே, ராணுவ மருத்துவமனையிலோ முகாமிலோ இறந்திருந்தால் சென்னை நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் வார் செமெட்ரியைப் பாருங்கள். முதல் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச்சின்னமும் அங்கே இருக்கிறது.

நான் தேடுறது கொள்ளுத்தாத்தா, முதல் உலகப் போர். மெசபடோமியா போனாராம். ஏதாவது மிஞ்சியிருக்குமா?

இரண்டாம் போரைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், இறந்தவர்களுக்கான பஸ்ரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் பொறித்தார்கள். சிப்பாய்களை ரெஜிமென்ட் வாரியாக வெறும் எண்ணிக்கையாகப் போட்டார்கள். இப்படி இந்தியர், ஆப்பிரிக்கர் உட்பட 45,000 முதல் 54,000 பேர் வரை சமமில்லாத முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்று அந்தக் கமிஷனே 2021-ல் அறிக்கை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. நூறு வருடம் கழித்து வந்த ஒப்புதல். பஸ்ரா கல்லில் இல்லாத பெயர்கள் இன்று இணையப் பட்டியலில் இருக்கின்றன, அதனால் மேலே சொன்ன தேடலை இதற்கும் செய்து பாருங்கள்.

உயிரோடு திரும்பியவர் என்றால் மெடல் விளிம்புதான் முதல் சான்று. அப்புறம் ஊரில் ஒரு பளிங்குப் பலகை இருக்கிறதா என்று விசாரியுங்கள். ‘இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குச் சென்றனர், இத்தனை பேர் உயிர் துறந்தனர்’ என்று ஆங்கிலத்தில் பொறித்த சின்னப் பலகைகளைப் பல கிராமங்களில் பதித்தார்கள். பழைய பள்ளிக்கூடச் சுவர், சாவடி, தாலுகா ஆபீஸ் வாசல் என்று எங்கும் இருக்கலாம். சுண்ணாம்பு அடித்து மறைந்தும் போயிருக்கலாம். அதில் பெயர் இருக்காது. ஆனால் எத்தனை பேர் போனார்கள் என்று தெரிந்தால் ஊரில் மற்ற குடும்பங்களைக் கண்டுபிடிக்கலாம். ஒரே ஊர்க்காரர்கள் சேர்ந்து ஒரே பிரிவில் சேருவது அன்று சாதாரணம்.

மெடலில் ‘கர்நாட்டிக் இன்ஃபன்ட்ரி’ன்னு இருக்கு. அப்படி ஒரு ரெஜிமென்ட்டே இப்ப இல்லையே?

பெயர் மாறிவிட்டது. முதல் போர்க் காலத்தில் 73, 75, 79, 80, 86, 88 என்று எண் போட்ட கர்நாட்டிக் காலாட்படைகள், 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி எல்லாம் இருந்தன. 1922 சீரமைப்பில் இவற்றில் சில 3-வது மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பட்டாலியன்கள் ஆயின, மற்றவை கலைக்கப்பட்டன. அந்த வழக்கமான பட்டாலியன்களும் 1920-களின் இறுதிக்குள் கலைக்கப்பட்டு, 1942-ல்தான் ரெஜிமென்ட் மீண்டும் எழுந்தது. 61, 64, 81 என்ற பயனியர் படைகள் மெட்ராஸ் பயனியர்ஸாகச் சேர்ந்து 1933-ல் முடிந்துபோயின. ஆகவே எண்ணும் ஆண்டும் சேர்ந்தால்தான் பிரிவு எது என்று சொல்ல முடியும்.

அவர் சண்டையில் என்ன செய்தார், எந்த ஊரில் இருந்தார்னு தெரிஞ்சுக்க முடியுமா?

அவர் ஒருவரைப் பற்றித் தனியாக எழுதிவைத்திருக்க மாட்டார்கள். அவருடைய பட்டாலியனோ கம்பெனியோ அன்றன்றைக்கு எங்கே இருந்தது, என்ன செய்தது என்பதைப் போர் நாட்குறிப்பில் எழுதினார்கள். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போருக்கானவை ‘டபிள்யூ.ஓ. 95’ வரிசையிலும், தென்கிழக்கு ஆசிய முனையின் இரண்டாம் போர்க் குறிப்புகள் ‘டபிள்யூ.ஓ. 172’ வரிசையிலும் இருக்கின்றன. டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்திலும் தேடலாம், அது இலவசம்.

சாப்பர் என்றால் கம்பெனி எண் கட்டாயம் வேண்டும். ஒரே காலத்தில் ஒரு கம்பெனி பர்மாவிலும் இன்னொன்று இத்தாலியிலும் இருந்திருக்கும். காஞ்சிபுரம் பக்கத்துக்காரரான சுபேதார் சுப்பிரமணியன் மெட்ராஸ் சாப்பர்தான். 1944 பிப்ரவரி 24-ல் இத்தாலியின் மிஞ்ஞானோவில் வெடிக்க இருந்த கண்ணிவெடியின் மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர்விட்டார், ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருதைப் பெற்றார். உங்கள் தாத்தாவும் வீரப்பதக்கம் வாங்கினார் என்று குடும்பத்தில் சொல்வார்களானால் லண்டன் கெஜட் என்ற பிரிட்டிஷ் அரசிதழிலும், அதே காப்பகத்தின் ‘டபிள்யூ.ஓ. 373’ பரிந்துரைகளிலும் பெயர் போட்டுத் தேடலாம். பரிந்துரை கிடைத்தால் அவர் செய்த காரியமே விவரமாக இருக்கும்.

துப்பாக்கி பிடிக்கலை, சமையல்காரராப் போனார். அதெல்லாம் கணக்கில் வருமா?

வரும். சமையல்காரர், தண்ணீர் சுமந்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், டோலி தூக்கியவர், சலவைத் தொழிலாளி எல்லோரும் படையோடு பதிவு செய்யப்பட்டவர்கள். இறந்திருந்தால் அதே தொழிலின் பெயரோடு கமிஷன் பட்டியலில் இருப்பார்கள். முதல் போரில் தொழிலாளர் படைகளில் போனவர்களுக்கு வெள்ளிக்குப் பதிலாக வெண்கலத்தில் மெடல் கொடுத்தார்கள். வீட்டில் இருப்பது வெண்கலம் என்பதால் போலி என்று எண்ணிவிடாதீர்கள்.

ஐ.என்.ஏ.ல இருந்தார்னு பாட்டி சொல்றாங்க, பிரிட்டிஷ் ராணுவம்னு மாமா சொல்றார். ரெண்டில் எது உண்மை?

இரண்டும் உண்மையாக இருக்கலாம். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் வீழ்ந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களில் பலர் ஐ.என்.ஏ.வில், அதாவது பிரிட்டிஷாரை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில், சேர்ந்தார்கள். அப்படியானால் அதுவரையிலான சர்வீஸ் பழைய பிரிவில் பதிவாகியிருக்கும். போர் முடிந்ததும் பிரிட்டிஷார் அவர்களை விசாரித்து, தங்களுக்கு விசுவாசமானவர், இடைப்பட்டவர், முழுக்க எதிர்ப்பக்கம் போனவர் என்று பார்த்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று பிரித்தார்கள். கறுப்பில் வைக்கப்பட்டவர்கள் சம்பளப் பாக்கியும் இல்லாமல் வெளியேற்றப்பட்டார்கள். டிஸ்சார்ஜ் காகிதமே வீட்டில் இல்லாததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

மலேயா, பர்மாவில் தோட்ட வேலையிலோ வியாபாரத்திலோ இருந்து நேரடியாகச் சேர்ந்தவர் என்றால், அல்லது ஐ.என்.ஏ.வின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்த பாட்டி என்றால், எந்த ரெக்கார்ட் ஆபீஸிலும் இருக்காது. தியாகி பென்ஷன் கோப்பு, 1972-ல் சுதந்திரப் போராட்ட வீரர்களுக்குக் கொடுத்த தாமிரப் பத்திரம், கூடச் சிறையில் இருந்தவர் கொடுத்த சான்று ஆகியவற்றைத் தேடுங்கள். கோப்பு கலெக்டர் ஆபீஸ் வழியாகப் போயிருக்கும். பாதுகாப்பு அமைச்சகம் 1997-ல் ஒப்படைத்த 990 ஐ.என்.ஏ. கோப்புகள் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

தாத்தாவின் அண்ணன் சயாம் ரயில் போடப் போய்த் திரும்பவே இல்லை. அதுவும் ராணுவ சர்வீஸ்தானா?

இல்லை. 1942–43-ல் ஜப்பானியர் போட்ட 415 கிலோமீட்டர் சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா பாதையில் வேலை செய்த தமிழர்கள் மலேயா தோட்டங்களிலிருந்து பிடித்துப்போகப்பட்ட தொழிலாளிகள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கும் கல்லறைகள் நேச நாட்டுப் போர்க் கைதிகளுடையவை. நம் தொழிலாளிகளின் பெயர் அங்கே இல்லை, கமிஷன் பட்டியலிலும் இல்லை. இவ்வளவு பேர் செத்த இடத்தில் பெயர்ப் பட்டியல் இல்லை என்பது ஆறாத புண். இவர்களைத் தேட எண்ணுக்குப் பதிலாகத் தோட்டத்தின் பெயரைப் பிடியுங்கள். எந்த எஸ்டேட், எந்த ஊர்க் கங்காணி, எந்த ஆண்டு கப்பல் ஏறினார் என்பதைத் தெரிந்த கிழவர் கிழவிகளிடம் இன்றே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஒரே பெயரில், ஒரே ரெஜிமென்ட்டில் நாலு பேர் வர்றாங்க. எங்க தாத்தா யாருன்னு எப்படி முடிவு பண்றது?

பெயரையும் ரெஜிமென்ட்டையும் கணக்கில் எடுக்காதீர்கள், நால்வருக்கும் அது பொது. மீதியில் குறைந்தது இரண்டு விவரம் பொருந்த வேண்டும்: தகப்பனார் பெயர், கிராமம், மனைவி பெயர், இறந்த தேதி, எண். திதி கொடுக்கும் நாள் நினைவில் இருந்தால் அந்த மாதத்தோடு ஒப்பிடலாம். ஆனால் வீட்டுக்குத் தந்தி வந்த நாளையே திதியாக வைத்துக்கொண்ட குடும்பங்களும் உண்டு, அதனால் சில வாரம் முன்னே பின்னே பாருங்கள். கிராமத்தின் பெயர் சிதைந்திருந்தால் தாலுகாவை வைத்துப் பழைய வரைபடத்தில் தேடுங்கள்.

இரண்டு பொருந்தாவிட்டால் நால்வரின் எண்களையும் எழுதி, ஐந்தாவது பதிலில் சொன்ன லாங் ரோல் பதிவை நால்வருக்கும் கேளுங்கள். பதில் வரும்வரை யாரையும் வம்சாவளியில் சேர்க்க வேண்டாம். தவறான எண் ஒன்று உறவினர்களின் வாட்ஸ்அப்பில் ஒருமுறை சுற்றிவிட்டால் பிறகு திரும்பப் பிடிக்க முடியாது.